தலைப்பு வைப்பது எப்படி? இட்லி மாவை வைத்து ஒரு பாடம்

என் சித்தி மகள் பெங்களூருவில் இருக்கிறாள். சமையல் குறிப்புகள் எழுதுவாள். நன்றாகவே எழுதுவாள், அளவு தப்பாது, கைப்பக்குவம் என்று சொல்லி எதையும் மழுப்ப மாட்டாள். போன மார்கழியில் ஒருநாள் போன் செய்து, "அண்ணா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதினேன். நாற்பது பேர்கூடப் படிக்கல" என்றாள். லிங்க்கை அனுப்பச் சொன்னேன். கட்டுரையைத் திறக்கும் முன்பே காரணம் தெரிந்துவிட்டது. தலைப்பு இப்படி இருந்தது: "இட்லி மாவு – ஒரு பார்வை".

இந்த "ஒரு பார்வை" நமக்குக் கல்லூரியில் தொற்றிய பழக்கம். கருத்தரங்குக்கு எழுதினால் "ஓர் ஆய்வு", விழா மலருக்கு எழுதினால் "ஒரு கண்ணோட்டம்". கருத்தரங்கில் அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்பவர் ஏற்கெனவே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார், மதியச் சாப்பாடு வரை எழுந்து போகவும் மாட்டார். போனில் படிப்பவர் அப்படியில்லை. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர். இத்தனைக்கும் அவள் கட்டுரையில் இருந்த சரக்கு அருமையானது. குளிர்காலத்தில் மாவு ஏன் பொங்குவதில்லை, பொங்க வைக்க என்னென்ன செய்யலாம் என்று விவரமாக எழுதியிருந்தாள். காலையில் மூடியைத் திறந்து, ராத்திரி வைத்த மட்டத்திலேயே மாவு அசையாமல் கிடப்பதைப் பார்த்து நொந்துபோன எவரும் வந்து படித்திருப்பார்கள். ஆனால் தலைப்பில் குளிர் என்ற சொல்லும் இல்லை, பொங்குவது என்ற சொல்லும் இல்லை. பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தலைப்பு செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். உள்ளே இருக்கும் விஷயம் யாருக்குத் தேவையோ, அவரைத் தோளில் தட்டி "உங்களுக்குத்தான்" என்று சொல்ல வேண்டும். ஈர்ப்பு, கவர்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தலைப்பு என்றதும் பெட்டிக்கடை வாசலில் கயிற்றில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டர் நினைவுக்கு வரும். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில்தான் செய்தி இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அந்தத் தமிழின் சாறு பிழிந்தது போல இருக்கும் இந்தப் போஸ்டர்கள். நாலைந்து சொல், தடித்த எழுத்து, சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தாமல் படித்துவிடலாம். "பிரபல நடிகர் வீட்டில் சோதனை" என்று இருக்கும். எந்த நடிகர்? காசு கொடுத்துப் பேப்பரை வாங்கினால்தான் தெரியும்.

இன்று இணையத்தில் நாம் பார்க்கும் பாதித் தலைப்புகள் இந்தப் போஸ்டரின் பேரப்பிள்ளைகள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைப் புதிதாக எழுதுபவர்கள் கவனிப்பதில்லை. போஸ்டரைப் பார்த்துப் பேப்பர் வாங்கியவர் காசைக் கொடுத்தாயிற்று. உள்ளே அந்த நடிகர் யாரோ ஓய்வுபெற்ற துணை நடிகர் என்று தெரிந்தாலும், போகட்டும், ராசிபலனும் சினிமா விளம்பரமும் மிச்சம். இணையத்தில் வாசகர் முன்பணம் தருவதில்லை. ஏமாந்தால் இரண்டு நொடியில் பின்னால் போய்விடுவார். அவர் போவதை எண்ணிக்கொண்டிருக்க ஓர் இயந்திரமும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது: கிளிக் செய்தவர்கள் உள்ளே நேரம் செலவிடுகிறார்களா, உடனே திரும்பி ஓடி வருகிறார்களா என்று பார்ப்போம், ஓடி வந்தால் அந்த மாதிரிப் பதிவுகளைக் கீழே தள்ளுவோம். பயனர்களிடம் கேட்டபோது, 80 சதவீத நேரங்களில், உள்ளே போவதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவு செய்ய உதவும் தலைப்புகளையே அவர்கள் விரும்பினார்கள் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. போனில் கட்டுரைகளைப் பரிந்துரைக்கும் கூகுள் டிஸ்கவரும் முக்கியத் தகவலை மறைத்து இழுக்கும் தலைப்புகளைத் தவிர்க்கச் சொல்கிறது.

சரி, அப்படியென்றால் ஆவலைத் தூண்டவே கூடாதா? தூண்டலாம். எப்படி என்பதில்தான் சூட்சுமம்.

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொருளாதார உளவியலாளர் 1994-ல் ஆவலைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்போது மனத்தில் ஓர் அரிப்பு எடுக்கிறது. அதுதான் ஆவல் என்றார். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, அரிப்பு எடுக்க முதலில் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை. ஒன்றுமே தெரியாத இடத்தில் இடைவெளியும் தெரியாது. குறுக்கெழுத்துப் புதிரில் கடைசி இரண்டு கட்டம் மீதி இருக்கும்போதுதான் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்போம். காலிக் கட்டத்தைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய அப்வொர்த்தி என்ற தளம் இந்த இடைவெளியை வைத்தே வளர்ந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்பு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அவற்றில் சிலதைப் பொறுக்கி, வாசகர்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் காட்டி, எது அதிகம் கிளிக் வாங்குகிறதோ அதை வைத்துக்கொள்வார்கள். "அவள் கதவைத் திறந்தாள். அடுத்து நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள்" என்ற பாணி உலகம் முழுக்கப் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு எல்லோரும் அதையே செய்ய, ஃபேஸ்புக்கும் வடிகட்ட, அந்தப் பாணி நைந்துபோனது. ஆனால் தமிழுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்து இன்னும் போகவில்லை. "இது தெரியாம போச்சே!", "நடந்தது என்ன?", "முழு விவரம் இதோ", "வெளியான ஷாக் தகவல்", "வச்சு செய்த நெட்டிசன்கள்". எந்தச் செய்தியின் தலையிலும் இந்தத் தொப்பிகளை மாட்டலாம் என்பதால் எந்தச் செய்திக்கும் இவை பொருந்துவதில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள்: உங்கள் தலைப்பை எடுத்து வேறொரு கட்டுரையின் மேல் வையுங்கள். அங்கேயும் சரியாக உட்கார்ந்தால் அது தலைப்பே இல்லை.

இட்லி மாவுக்கு வருவோம். "இட்லி மாவில் இந்த ஒரு பொருளைச் சேர்த்தால் போதும்!" என்று வைத்திருந்தால் ஆவல் வரும், உள்ளே போனதும் அந்த ஒரு பொருள் உப்பு என்று தெரியும், வாசகர் மனத்துக்குள் திட்டிவிட்டுப் போவார். மாறாக, "குளிரில் இட்லி மாவு பொங்க, ஓவன் விளக்கு போதும்" என்று வைத்தால்? பதில் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் உள்ளே போகத் தோன்றுகிறது: ஓவனை ஆன் செய்ய வேண்டாமா, விளக்கை மட்டும் எவ்வளவு நேரம் போட வேண்டும், ஓவன் இல்லாதவர் என்ன செய்வது? "என்ன" என்பதை வெளியே சொல்லிவிட்டு "எப்படி" என்பதை உள்ளே வைப்பது, நான் பார்த்தவரை, ஏமாற்றாமல் இழுக்கும் வழிகளில் மிக எளியது. எப்படி என்பது தலைப்பில் அடங்கவும் அடங்காது, அதனால் மறைத்ததாகவும் ஆகாது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொதுவானது. தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தலைப்புப் பாடங்களில் அது வராது.

ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின்னாலேயே வினை வந்துவிடும். நம் மொழியில் வினை வாலில் இருக்கிறது. அடைமொழிகளும் பெயரெச்சங்களும் பெயருக்கு முன்னால் ரயில்பெட்டி போல வரிசை கட்டி நிற்கும். போன் திரையும் தேடல் பக்கமும் வெட்டுவதோ வாலைத்தான். இந்தத் தலைப்பைப் பாருங்கள்: "கடந்த சில நாட்களாகப் பெய்துவரும் கனமழை காரணமாக நீலகிரி மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை". இலக்கணப்படி குறையே இல்லை. திரையில் தெரிவது "கடந்த சில நாட்களாகப் பெய்துவரும் கனமழை…" மழை பெய்வது ஊட்டிக்காரருக்குத் தெரியாதா? பிள்ளையைக் குளிப்பாட்டி யூனிஃபார்ம் மாட்ட வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. "நீலகிரியில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை: தொடரும் கனமழை" என்று திருப்பிப் போட்டால், எங்கே வெட்டினாலும் விஷயம் மிஞ்சும். காரணம் வெட்டுப்பட்டால் போகட்டும்.

நம் பழைய பத்திரிகைத் துணையாசிரியர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வினைமுற்றை விட்டுவிட்டுப் பெயரையே வினையாக ஓட்டுவது: கைது, மீட்பு, உயர்வு, ரத்து, முற்றுகை, திறப்பு. "கைது செய்யப்பட்டுள்ளார்" என்று இழுப்பதற்குப் பதில் "கைது" என்று முடித்தால் பாதி இடம் மிச்சம். இந்தச் சொற்களைச் செய்தித்தாள் நடை என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்தில் இடத்துக்காகப் பிறந்தவை, கையகலத் திரைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

சுருக்கும்போது இரண்டு பள்ளங்களைப் பார்த்து நடக்க வேண்டும். ஒன்று பெயரெச்சம். "ஆடு திருடிய வியாபாரியின் தம்பி கைது" என்றால் ஆட்டைத் திருடியது அண்ணனா, தம்பியா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது, வியாபாரிக்குத் தெரிந்தால் வழக்குப் போடுவார். "ஆடு திருட்டு: வியாபாரியின் தம்பி கைது" என்று உடைத்தால் தீர்ந்தது. இன்னொன்று ஒற்று. தலைப்பில் ஒற்று போட்டால் நீளுகிறது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. "வனத்துறை தந்த பலகை மாயம்" என்றால் அவர்கள் கொடுத்த ஏதோ ஒரு பலகை. நடுவில் ஒரு "ப்" விழுந்து "தந்தப் பலகை" ஆகிவிட்டால் யானைத் தந்தம், அது பெரிய குற்றம். ஒரு புள்ளி வைத்த எழுத்துக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்பார்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லும் "60 எழுத்து" கணக்கை அப்படியே தமிழுக்கு எடுக்காதீர்கள். கூகுள் தேடல் பக்கத்தில் தலைப்பு வெட்டுப்படுவது எழுத்து எண்ணிக்கையால் இல்லை, அகலத்தால். நம் எழுத்துகளோ அகலமானவை. அதோடு கணினி எண்ணும் விதமும் வேறு. "இட்லி" நமக்கு மூன்று எழுத்து: இ, ட், லி. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடுக்கு ஐந்து, ஏனென்றால் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி. "இட்லி மாவு பொங்கவில்லையா?" என்பதில் இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து நாம் எண்ணினால் 15, கணினி எண்ணினால் 25. யூடியூப் தலைப்புக்கு 100 குறிகள் வரை இடம் தருகிறது என்றால், தமிழுக்கு அது கிட்டத்தட்ட அறுபதுதான். அதிலும் பட்டியலில் முழுசாகத் தெரிவது முதல் பாதி. நான் கடைப்பிடிப்பது ஒரு நாட்டு வழி: தலைப்பை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனை ஒரு கை தூரத்தில் வைத்து, முதல் நான்கு சொல்லை மட்டும் படித்துப் பார்ப்பேன். அந்த நாலு சொல்லில் விஷயம் எட்டிப் பார்க்காவிட்டால் மாற்றி எழுதுவேன்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பது அடுத்தது. தேடுபவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அதைத்தான் தட்டுவார். அலுவலகத் தாளில் "மின்கட்டணம்", வீட்டில் "கரண்ட் பில்". பத்திரப் பதிவில் "வில்லங்கச் சான்று", நிலம் வாங்கப் போகிறவர் வாயில் "ஈசி போட்டுப் பார்த்தியா?". இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை: "ஈசி போடுவது எப்படி: வில்லங்கச் சான்றைப் படிக்கும் முறை" என்று இரண்டையும் உட்கார வைக்கலாம். நல்ல தமிழ்ச் சொல்லை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களுக்கும் இது ஒத்துவரும், எனக்கும் மனமில்லைதான்.

பேச்சு நடை வைக்கலாமா? "இதை மட்டும் செய்யாதீங்க" என்பது சமையலுக்கும் போன் பழுதுக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டு அக்கா சொல்வது போல இருக்கும். விபத்துச் செய்திக்கோ நோய் பற்றிய கட்டுரைக்கோ அதே குரல் அசிங்கமாக இருக்கும். எழுதும்போது எந்தக் குரலில் பேசுகிறீர்களோ, தலைப்பிலும் அந்தக் குரல்தான் கேட்க வேண்டும்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக: உள்ளே எண் இருந்தால் வெளியே வையுங்கள். "7 வழிகள்" என்று முதலில் தலைப்பை வைத்துவிட்டு ஏழு வழி தேடுபவரின் ஐந்தாவது வழி "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றுதான் இருக்கும்.

அதிர்ச்சி, ஆபத்து, சோகம் போன்ற சொற்கள் உண்மையிலேயே இழுக்கின்றனவா? இழுக்கின்றன. அப்வொர்த்தி தளம் நடத்திய பழைய சோதனைகளை ஆராய்ந்து 2023-ல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 1,05,000 தலைப்பு வடிவங்கள், 57 லட்சம் கிளிக்குகள். சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடும்போது கிளிக் விகிதம் 2.3 சதவீதம் கூடியது. நேர்மறைச் சொல் கூடினால் குறைந்தது. இதைப் பார்த்து, "பார்த்தீர்களா, அதனால்தான் நாங்கள் அதிர்ச்சி போடுகிறோம்" என்பார்கள். கணக்கைத் திருப்பிப் படியுங்கள். நூறு பேர் வந்த இடத்தில் நூற்றிரண்டு பேர். அந்த இரண்டு பேருக்காகவா நாள் முழுக்க இத்தனை அதிர்ச்சி? அதுவும் ஆங்கிலத் தலைப்புகளை வைத்துச் செய்த கணக்கு, ஒரே தளத்தின் கணக்கு.

தலைப்பு தவறான கோணத்தில் இருந்தால், உள்ளே சரியாக எழுதிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் சரிவராது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் எக்கரும் அவருடைய குழுவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டுரை முழுவதையும் படித்த பிறகும் வாசகர்களின் நினைவும் முடிவுகளும் தலைப்பு காட்டிய பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டார்கள். உடல்நலம், மருந்து, பணம் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. "காபி குடித்தால் சர்க்கரை நோய் வராது?" என்று வைத்துவிட்டு, பத்தாவது பத்தியில் "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதினால், மனத்தில் நிற்கப்போவது காபிதான்.

அந்தக் கேள்விக்குறியைக் கவனித்தீர்களா? நம் சினிமாச் செய்திகளில் அது தலைமறைவுக்குப் பயன்படும் வேஷம். "விவாகரத்து செய்கிறாரா பிரபல நடிகை?" எழுதியவர் எதையும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார். இயன் பெட்டரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் 2009-ல், கேள்விக்குறியில் முடியும் தலைப்பு எதற்கும் "இல்லை" என்று பதில் சொல்லிவிடலாம் என்று எழுதியது ஒரு விதியாகவே நிலைத்துவிட்டது. ஆனால் வாசகர் கேட்கும் கேள்வியை நாம் தலைப்பில் வைப்பது வேறு. "இட்லி மாவு பொங்கவில்லையா?" என்பது வதந்தி இல்லை, அடுப்படியில் நின்று வாசகரே தனக்குள் கேட்டதுதான்.

அன்று போனிலேயே இருவரும் உட்கார்ந்து தலைப்பு எழுதினோம். அப்வொர்த்திக்காரர்கள் போல 25 எழுதப் பொறுமை இல்லை, பத்தோடு நிறுத்திக்கொண்டோம். முதல் மூன்றும் குப்பை. வழக்கமாக அப்படித்தான், மனத்தில் மேலாக மிதக்கும் பழைய தலைப்புகள் முதலில் வந்து விழும். "பஞ்சு போன்ற இட்லி ரகசியம்" என்றாள். பஞ்சு இல்லாத இட்லித் தலைப்பு தமிழில் உண்டா என்று கேட்டேன். "குளிர்காலத்தில் இட்லி மாவைப் புளிக்க வைப்பது எப்படி" என்பது ஆறாவது. நேர்மையானது, தேடுபவருக்குக் கிடைக்கும், ஆனால் சப்பென்று இருந்தது. அப்போது அவள், "புளிக்கலன்னு யார் சொல்றா? பொங்கலன்னுதான் சொல்லுவோம்" என்றாள். அந்த ஒரு சொல் மாறியதும் மற்றவை தாமாக வரிசைக்கு வந்தன. ஒன்பதாவதை வைத்துக்கொண்டோம்: "இட்லி மாவு பொங்கவில்லையா? பெங்களூருக் குளிருக்கு மூன்று வழிகள்". உள்ளே மூன்று வழி உண்மையிலேயே இருந்தது: ஓவன் விளக்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரம், கம்பளியைச் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைப்பது. மூன்றாவது எங்கள் பாட்டி வழி.

பழைய கட்டுரைகளுக்கும் தலைப்பை மாற்றலாமா என்று கேட்டாள். தாராளமாக மாற்றலாம், ஆனால் பக்கத்தின் முகவரியைத் தொடாதே என்றேன். முகவரி மாறினால் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் லிங்க்குகள் செத்துப்போகும். புதிதாக எழுதும்போது முகவரியைத் தமிழில் வைக்காமல் ஆங்கில எழுத்தில் சிறிதாக வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் "இட்லி" என்ற மூன்றெழுத்து பல இடங்களில் 45 குறிகளாக, சதவீதக் குறியும் எண்ணும் எழுத்தும் கலந்த சங்கிலியாக நீண்டுவிடும். அன்று ராத்திரியே அவள் பதினோரு கட்டுரைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் "ஒரு பார்வை"யை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்குப் புதுத் தலைப்பு கிடைத்தது. மீதி இரண்டிலும் என்ன விஷயம் இருக்கிறது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவற்றை வரைவுக்குத் திருப்பிவிட்டாள்.